பால் குடிக்க மறக்கும் பிள்ளை

"பிள்ளை ரொம்பச் சமத்து. ரெண்டு நாளா அழுகவே இல்ல, தூங்கிக்கிட்டே இருக்கு."

பாளையம்பட்டிப் பக்கம் குழந்தை பார்க்கப் போகிற வீடுகளில் இந்த வாக்கியத்தை அடிக்கடி கேட்கலாம். சொல்கிறவர் குரலில் பெருமைதான் இருக்கும். பெற்றவளுக்கும் ரெண்டு ராத்திரி தூங்கக் கிடைத்த நிம்மதி. ஆறு மாதப் பிள்ளை என்றால் நானும் சேர்ந்து சந்தோஷப்படுவேன். பத்து நாள் பிள்ளையைப் பற்றி இப்படிச் சொன்னால் மட்டும் வாய் சும்மா இருக்காது. "பால் எப்படிக் குடிக்குது?" என்று கேட்டுவிடுவேன். வீட்டில் சிலர் முறைப்பார்கள். பரவாயில்லை.

நான் மருத்துவர் கிடையாது. பி.இ. முடித்து இருபது வருஷமாக சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். என் வேலையில் பெரும்பகுதி, ஒரு சர்வர் படுப்பதற்கு முன்னால் என்ன அறிகுறி காட்டும், எந்த அளவைத் தாண்டினால் அலாரம் அடிக்க வேண்டும் என்று முடிவு செய்வது. அந்தப் புத்தியோடு பச்சிளம் குழந்தைகளின் தொற்று பற்றிய ஆய்வுகளைப் படிக்கப் போனேன். நான் பார்த்ததிலேயே நன்றாக யோசித்து வைத்த அலாரம் ஒன்று அங்கே இருந்தது. அதுவும் ஸ்கேன், லேப் எதுவும் இல்லாமல் கண்ணும் கையும் ஒரு கடிகாரமும் மட்டும் வைத்துக்கொண்டு செய்வது. அதை நம் ஊர் வீடுகளுக்குப் புரிகிற மாதிரி எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தக் குறிப்பு. பேச்சு முழுக்க இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைகளைப் பற்றியது. அதற்கு மேல் கணக்கு மாறிவிடும்.

முதலில் 'அழற்சி' என்ற சொல். உடம்பில் ஓரிடத்தில் கிருமி நுழைந்தாலோ அடிபட்டாலோ உடம்பு காட்டும் எதிர்ப்புதான் அழற்சி. ரோமானியர் செல்சஸ் ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே அதற்கு நான்கு அடையாளம் எழுதி வைத்தார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. பிற்காலத்தில் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். அந்த உறுப்பு தன் வேலையைச் செய்யாமல் போவது. காலில் கட்டி வந்தால் நடக்க முடியாது, அது மாதிரி. இந்த ஐந்தாவதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கண்ணுக்குத் தெரிகிற அழற்சி குழந்தை உடம்பிலும் வரும். அதில் சிலது பயப்பட வேண்டாதது. பிறந்தவுடன் இடது கையில் பி.சி.ஜி. போடுகிறார்கள் இல்லையா, அந்த இடம் இரண்டு மூன்று வாரம் கழித்துச் சின்னதாக வீங்கும், ஆறு வாரம் வாக்கில் சீழ் மாதிரி உடையும், அப்புறம் தழும்பாகிவிடும். தடுப்பூசி வேலை செய்வதன் அடையாளம் அது. மஞ்சள் பூச வேண்டாம், அழுத்தவும் வேண்டாம். பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளில் உடம்பெல்லாம் செம்புள்ளி வந்து தானாக மறைவதும் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் சீழ் கோத்த கொப்புளங்கள் பத்துக்கு மேல் இருந்தாலோ, பெரிய கட்டி ஒன்று வந்தாலோ அது வேறு விஷயம், காட்டியே ஆகவேண்டும்.

தொப்புளைத் தனியாகச் சொல்ல வேண்டும். கொடி விழுகிற வரை அந்த இடம் உள்ளே போகும் ஒரு திறந்த வாசல். அங்கே விளக்கெண்ணெய், சாம்பல், பவுடர், மஞ்சள் எதுவுமே போடாமல் காய விடுவதுதான் இப்போது மருத்துவமனைகளில் சொல்கிற முறை. கொடி காயும்போது லேசாகப் பிசுபிசுப்பது வழக்கம். சுற்றியுள்ள வயிற்றுத் தோல் சிவந்து அந்தச் சிவப்பு பரவினாலோ, சீழும் நாற்றமும் வந்தாலோ அன்றைக்கே கிளம்ப வேண்டியதுதான்.

நாமே வரவழைக்கிற அழற்சியும் ஒன்று இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு, ஆணோ பெண்ணோ, மார்பு கொஞ்சம் வீங்கியிருக்கும். ஒரு சொட்டுப் பால்கூட வரும். தாயின் ஹார்மோன் பிள்ளை உடம்பில் மிச்சமிருப்பதால் வருவது. சில வாரத்தில் தானாக வற்றிவிடும். ஆனால் குளிப்பாட்ட வருகிற பாட்டிமார்கள் 'பால் கட்டியிருக்கு, எடுத்துவிடணும்' என்று அழுத்திப் பிதுக்குவார்கள். தோலில் இருக்கும் கிருமி உள்ளே போய், செல்சஸ் சொன்ன நான்கும் அந்த இத்துனூண்டு மார்பில் வரும். சிவக்கும், வீங்கும், சுடும், தொட்டால் பிள்ளை வீறிடும். கத்தி வைத்துச் சீழ் எடுக்க வேண்டி வருவதும் உண்டு. குளிப்பாட்டுகிறவரிடம் முதல் நாளே பணிவாகச் சொல்லிவிடலாம்: "ஆத்தா, அந்த இடத்த மட்டும் தொட வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க." டாக்டர் பெயரைச் சொன்னால் சண்டை வராது. மூக்கில் எண்ணெய் விடுவதையும் இதே வாக்கியத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அங்கேயும் அழற்சிதான்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிவது. உயிருக்கு ஆபத்தானது பெரும்பாலும் தெரியாதது. ரத்தத்தில் கிருமி பரவுவது, நுரையீரலில், மூளையைச் சுற்றிய உறையில் தொற்று. மூன்றையும் சேர்த்துப் பொதுவாக செப்சிஸ் என்கிறார்கள். பெரியவருக்கு வந்தால் நெருப்பாய்க் காயும், நடுங்கும், புலம்புவார். மூளைக்காய்ச்சலில் கழுத்து விறைக்கும். பத்து நாள் குழந்தைக்குக் கழுத்து விறைப்பது அபூர்வம். நடுங்கிச் சூடேற்றும் திறன் அதற்குக் கிட்டத்தட்ட இல்லை. முதுகிலும் தோளிலும் இருக்கிற பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடு உண்டாக்குகிறது. எடைக்கு ஒப்பிட்டால் தோல் பரப்பு பெரியவரைவிட மிக அதிகம், உண்டாக்கிய சூடும் சீக்கிரம் போய்விடும். அதனால் தொற்று வந்தால் உடம்பு சுடுவதற்குப் பதில் குளிர்ந்தே போகலாம்.

எதிர்ப்புப் படையும் சின்னது. தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியே வருகிற எதிர்ப்புப் புரதங்கள் பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் வந்து சேர்கின்றன. குறைமாதத்தில் பிறந்ததற்கு அந்தச் சீர்வரிசை முழுசாகக் கிடைப்பதில்லை. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் வெள்ளணுக் கையிருப்பு பெரிய தொற்று வந்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும். இதை வெறும் பலவீனம் என்று மட்டும் பார்க்கக் கூடாது என்று இப்போது ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். 2013இல் நேச்சர் இதழில் வந்த ஒரு ஆய்வு, எலிக்குட்டிகளின் உடம்பில் ஒருவகை இளம் சிவப்பணுக்கள் எதிர்ப்புச் சக்தியை வேண்டுமென்றே அடக்கி வைத்திருப்பதைக் காட்டியது. யோசித்தால் நியாயம்தான். பிறந்த அன்று தொடங்கி குடலிலும் தோலிலும் கோடிக்கணக்கில் புதுக் கிருமிகள் குடியேறுகின்றன. எல்லாவற்றுக்கும் அலாரம் அடித்தால் பிள்ளை அழற்சியிலேயே அழிந்துபோகும். புது சிஸ்டத்தை ஏற்றிய முதல் வாரத்தில் நாங்களும் அலாரம் அளவைத் தூக்கித்தான் வைப்போம். அந்த வாரத்தில் உண்மையான பழுது வந்தாலும் சத்தம் கேட்காது. அதே சிக்கல்தான் இங்கேயும்.

ஆக, முதல் நான்கு அடையாளமும் கைவிடுகிற இடத்தில் ஐந்தாவதுதான் மிஞ்சுகிறது. உறுப்பு வேலையை நிறுத்துவது. பத்து நாள் பிள்ளைக்கு இருக்கிற பெரிய வேலை என்ன? பால் குடிப்பது. சப்ப வேண்டும், விழுங்க வேண்டும், நடுவில் மூச்சு விட வேண்டும், மூன்றையும் தாளம் தப்பாமல் செய்ய வேண்டும். அதன் உடம்பு செய்வதிலேயே கடினமான வேலை அதுதான். எங்கே பழுது வந்தாலும் முதலில் அடிபடுவது அதுவாகத்தான் இருக்கும். நேற்று வரை நன்றாகக் குடித்த பிள்ளை இன்று நாலு சப்பு சப்பிவிட்டுத் தூங்கிப்போகிறது, எழுப்பினாலும் வாயைத் திறப்பதில்லை என்றால், அந்த வீட்டில் தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் சரி, அது நோயின் அடையாளம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதை நம் நாட்டிலேயே ஒரு மாவட்டம் உலகத்துக்குக் காட்டியது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி. காடும் வறுமையும் உள்ள மாவட்டம். அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி அங்கே 'சர்ச்' என்ற அமைப்பை நடத்துகிறார்கள். பிரசவம் வீட்டில், மருத்துவமனை எட்டாத தூரத்தில், எட்டினாலும் பச்சப்பிள்ளையை வெளியே எடுத்துப்போக வீட்டார் சம்மதிக்காத காலம். 39 கிராமங்களில், ஐந்திலிருந்து பத்தாம் வகுப்பு வரை படித்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளையைப் பார்ப்பார்கள், எடை போடுவார்கள், அறிகுறி தெரிந்தால் பெற்றோர் சம்மதத்தோடு ஜென்டாமைசின் ஊசியும் வாய் மருந்தும் வீட்டிலேயே கொடுப்பார்கள். ஒப்பிட 47 கிராமங்கள். முடிவு 1999 டிசம்பரில் லான்செட் இதழில் வந்தது: ஒப்பீட்டுக் கிராமங்களோடு பார்க்கும்போது, பிறந்த 28 நாளுக்குள் நடக்கும் மரணம் மூன்றாம் ஆண்டில் 62 சதவீதம் குறைந்திருந்தது. ஊசி போடப் பத்தாம் வகுப்பு போதுமா என்று அப்போது எதிர்ப்பு வராமல் இல்லை. ஊசியைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அந்தப் பெண்கள் அறிகுறியைக் கண்டுபிடித்ததுதான்.

அதே தம்பதி அதற்கு முன்பே நிமோனியாவுக்காக ஒரு சாமானை வடிவமைத்திருந்தார்கள். மூச்சு எண்ணும் மணிச்சட்டம். கம்பியில் கோத்த மணிகள், பக்கத்தில் ஒரு நிமிஷ மணல் கடிகாரம். பத்து மூச்சுக்கு ஒரு மணி தள்ள வேண்டும். மணல் தீர்வதற்குள் எத்தனை மணி நகர்ந்தது என்று பார்த்தால் போதும். நூறு வரை எண்ணத் தெரியாதவரும் பயன்படுத்தலாம். சாப்ட்வேர்க்காரனாக நான் பொறாமைப்பட்ட கருவிகளில் இது ஒன்று.

அடுத்த கட்டம் 2008. இந்தியா, பங்களாதேஷ், பாகிஸ்தான், கானா, தென் ஆப்பிரிக்கா, பொலிவியா ஆகிய ஆறு நாடுகளில், உடம்பு சரியில்லை என்று கொண்டுவரப்பட்ட எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட இளங்குழந்தைகளைப் பார்த்தார்கள். ஒரு பக்கம் சுகாதாரப் பணியாளர் வெறும் அறிகுறிகளைக் குறித்தார். மறுபக்கம் குழந்தை மருத்துவர் முழுசாகப் பரிசோதித்து, இதற்கு மருத்துவமனை தேவையா என்று முடிவு சொன்னார். எந்த அறிகுறிகள் உண்மையில் பயன்படுகின்றன என்று சலித்துப் பார்த்ததில் ஏழு மிஞ்சின. பால் குடிக்கச் சிரமம். வலிப்பு. தட்டினால், தூண்டினால் மட்டுமே அசைவது. நிமிஷத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு. நெஞ்சின் கீழ்ப்பகுதி ஆழமாக உள்வாங்குவது. அக்குளில் 37.5 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ சூடு. 35.5க்குக் கீழே குளிர்ச்சி. ஏழில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும், மருத்துவமனை.

பழைய பட்டியல்களில் இருந்த பலதும் இதில் விழுந்துவிட்டன. அழுகை இந்த ஏழில் இல்லை. வீடே கூடி நிற்பது அழுகிற பிள்ளைக்காக, பட்டியலில் இருப்பதோ அசையாத பிள்ளை.

இந்த அலாரம் எவ்வளவு நம்பகமானது? முதல் வாரக் குழந்தைகளில், மருத்துவமனை தேவைப்படும் நூறு பேரில் 85 பேரைப் பிடித்தது. தேவைப்படாத நூறு பேரில் 75 பேரைச் சரியாக விட்டது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். உடம்பு சரியில்லாத ஆயிரம் பிள்ளைகள் வருகிறார்கள், அதில் நூறு பேருக்கு உண்மையிலேயே கடும் நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலாரம் அதில் 85ஐப் பிடிக்கும். மீதி 900 பேரில் 225 பேருக்குச் சும்மாவே அடிக்கும். ஆக 310 குடும்பம் மருத்துவமனைக்கு ஓடும், 225 குடும்பம் 'ஒண்ணுமில்ல' என்று கேட்டுத் திரும்பும்.

மில்லில் ஷிப்டு போனவருக்கும் தறி நிறுத்தினவருக்கும் அது ஒரு நாள் கூலி. அடுத்த முறை 'போன தடவையும் இப்படித்தான் சொன்னே' என்று மாமியார் சொல்வார். ஆனாலும் எல்லையை இப்படித்தான் வைக்க வேண்டும் என்பது என் முடிவு. அளவைக் கொஞ்சம் உயர்த்தினால் அந்த 225 குறையும், கூடவே 85ம் குறையும். ஒரு பக்கம் இழப்பது ஒரு நாள், மறுபக்கம் இழப்பது பிள்ளை. தவிர, இந்த அலாரம் தவறவிடும் 15 பேரும் இருக்கிறார்கள். அதனால்தான் ஏழும் இல்லை, ஆனாலும் 'என்னமோ சரியில்ல' என்று தாய் சொன்னால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறேன். நாள் முழுக்கப் பிள்ளையைப் பார்க்கிறவள் அவள்தான்.

வீட்டில் பார்க்கும்போது சில நுணுக்கம் உண்டு. மூச்சு எண்ணுவது பிள்ளை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது. சட்டையைத் தூக்கி வயிறு ஏறி இறங்குவதைப் பாருங்கள், ஏறி இறங்கினால் ஒன்று. முழு ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது, ஏனென்றால் பச்சிளம் குழந்தை வேகமாக நாலு மூச்சு விட்டு, சில விநாடி நிறுத்தி, மறுபடி தொடங்கும். அது இயல்பு. அரை நிமிஷம் எந்தப் பக்கம் விழுந்ததோ அதற்கேற்ப எண்ணிக்கை கூடும் குறையும். 60 வந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள். இரண்டு முறையும் 60ஐத் தொட்டால் வேகம்தான். நெஞ்சு உள்வாங்குவது என்றால், மூச்சை இழுக்கும்போது விலாவின் அடிப்பகுதி வெளியே வருவதற்குப் பதில் குழிந்து உள்ளே போவது. வலிப்பு பெரியவர் மாதிரி கைகால் வெட்டி வெட்டி வர வேண்டும் என்றில்லை. கண் ஒரே பக்கம் சொருகி நிற்பது, ஒரு கை மட்டும் துடிப்பது, விடாமல் சப்புக்கொட்டுவது என்றும் வரலாம்.

சூடு பற்றி நம் ஊரில் கூடுதலாகப் பேச வேண்டும். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் சித்திரை வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே, மூன்று சுற்றுத் துணியில் பிள்ளையை வைத்தால் நோயே இல்லாமல் உடம்பு 37.5ஐத் தாண்டலாம். பிள்ளை கலகலப்பாகக் கைகால் ஆட்டி நன்றாகக் குடிக்கிறது, சூடு மட்டும் கொஞ்சம் இருக்கிறது என்றால், துணியைத் தளர்த்தி, காற்றோட்டமான இடத்தில் வைத்து, தாய்ப்பால் கொடுத்து, அரை மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். இறங்கவில்லை என்றால் அது வெயில் கணக்கில்லை. 38ஐத் தொட்டிருந்தாலோ, மற்ற ஆறில் ஒன்று சேர்ந்திருந்தாலோ அரை மணி நேரமும் காத்திருக்க வேண்டாம். புறங்கையால் தொட்டுப் பார்ப்பதை நம்பாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் கிடைக்கிறது, தூளி கட்டுகிற வீட்டில் அது ஒன்று இருக்கட்டும். பாரன்ஹீட்டில் காட்டினால் 99.5 மேல் எல்லை, 95.9 கீழ் எல்லை. கீழ் எல்லையைத்தான் எல்லாரும் மறக்கிறோம். அடிக்கிற வெயிலில் பிள்ளையின் வயிறும் பாதமும் சில்லென்று இருந்தால் 'குளுகுளுன்னு இருக்கு' என்று சொல்லிவிட்டுப் போகிற விஷயமல்ல.

புதன்கிழமைக் குழப்பம் ஒன்றும் இருக்கிறது. ஒன்றரை மாதத்தில் பென்டாவேலன்ட் ஊசி போட்டால் அன்று இரவு காய்ச்சல், தொடையில் வீக்கம் வருவது சாதாரணம். நர்சம்மாவே மருந்து கொடுத்து அளவும் சொல்லி அனுப்புவார். ஊசிக் காய்ச்சல் இரண்டு நாளில் போய்விடும், அதிலும் பிள்ளை குடிக்கும், அழும், எழுப்பினால் விழிக்கும். குடிக்கவே இல்லை என்றால் ஊசியின் மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

இனி வீட்டுச் சொற்கள். மாந்தம், செவ்வாப்பு, தோஷம், உச்சி விழுந்தது. இவற்றை மூடநம்பிக்கை என்று எழுதித் தள்ளுகிறவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. 'உச்சி விழுந்திருச்சு' என்று சொல்கிற கிழவி உச்சிக்குழி உள்ளே போயிருப்பதைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். அது உடம்பில் நீர் வற்றியதன் அடையாளம். உச்சி புடைத்திருந்தால் மூளைக்காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும். 'மாந்தம்' என்று சொல்லப்படும் பிள்ளை பால் குடிக்காது, வயிறு உப்பும், சோர்ந்திருக்கும். அதுவும் சரியான கவனிப்புதான். சிக்கல் அடுத்து வருவதில். பெயர் வைத்தாகிவிட்டது, அதற்கென்று வைத்தியமும் ஊரில் இருக்கிறது. வசம்பு சுட்டு உரைத்துப் புகட்டுவார்கள், மந்திரிக்க அழைத்துப் போவார்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்பார்கள். முதல் வாரத்துச் செப்சிஸில் அந்த ஒரு நாள்தான் பிள்ளைக்கு இருக்கிற அவகாசம். பாட்டியிடம் 'அது மாந்தம் இல்ல' என்று வாதாடிக்கொண்டிருப்பதைவிட, "மாந்தமாவே இருக்கட்டும் அப்பத்தா, ஆஸ்பத்திரியில காட்டிட்டு வந்து மந்திரிச்சுக்கலாம்" என்று வரிசையை மட்டும் மாற்றுவது வேலைக்காகும் என்பது என் அனுபவம். திருநீறு பூசிக்கொண்டு வண்டியில் ஏறலாம், உரைமருந்து மட்டும் வேண்டாம். சப்பவே சிரமப்படுகிற பிள்ளைக்கு வாயில் எதை ஊற்றினாலும் மூச்சுக்குழலில் இறங்கும்.

கிளம்புவது என்று முடிவாகிவிட்டால் 108. அரசு மருத்துவமனைக்குப் போக, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற, பச்சிளம் குழந்தைக்கு வண்டியும் சிகிச்சையும் இலவசம் என்பது 2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டம். பாளையம்பட்டிக்காரர்களுக்கு அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனை பக்கத்திலேயே. அங்கிருந்து அனுப்பினால் விருதுநகரில் 2022இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி, ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். அதற்கு முன்பெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி மதுரைதான். இந்த முப்பது கிலோமீட்டர் குறைந்தது சின்ன விஷயமில்லை. திருச்சுழிக்கு அந்தப் பக்கம் உள்ள ஊர்களுக்கு இன்னும் தூரம்தான்.

வழியில் பிள்ளையைத் தாயின் மார்போடு தோல் படும்படி ஒட்டவைத்து, மேலே துணி போர்த்திக்கொள்வது நல்லது. குளிர்ந்துபோன பிள்ளைக்கு அதைவிட நல்ல சூடு கிடையாது. குடிக்க முடிந்தால் தாய்ப்பால் கொடுக்கலாம். மூத்த பிள்ளைக்கு வாங்கி மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக் சிரப்பைக் கொடுக்க வேண்டாம். பாதி மருந்து பாதி கிருமியைத்தான் கொல்லும், ஆஸ்பத்திரியில் எடுக்கும் ரத்தப் பரிசோதனையையும் குழப்பும். தூரத்துக் கிராமம், வண்டி வரத் தாமதம் என்றால் கிராம சுகாதாரச் செவிலியரைக் கூப்பிடலாம். குறிப்பிட்ட நிலைகளில் துணைச் செவிலியரே ஜென்டாமைசின் ஊசியும் அமாக்சிசிலின் சிரப்பும் கொடுத்து அனுப்பலாம் என்று மத்திய அரசு 2014இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. கட்சிரோலிப் பெண்கள் செய்து காட்டியதன் தொடர்ச்சி என்றே அதைப் பார்க்கிறேன்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் பயம் கொஞ்சம் குறையும். ரத்தம் எடுத்து கல்ச்சர் வைப்பார்கள், கிருமி வளர ஒன்றிரண்டு நாள் ஆகும், அதற்குக் காத்திராமல் ஆன்டிபயாடிக் தொடங்கிவிடுவார்கள். முதுகுத்தண்டில் நீர் எடுக்க வேண்டும் என்றும் சொல்லலாம். நம் பக்கம் இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள், 'முதுகுல ஊசி போட்டா நடக்க வராது' என்று. ஊசி போகும் இடம் தண்டுவடம் முடிந்த பிறகு, அதற்குக் கீழே. மூளைக்காய்ச்சல் இருக்கிறதா என்று உறுதியாகத் தெரிய அதுதான் வழி, இருந்தால் ஆன்டிபயாடிக் நாட்களும் அதிகமாகும். டெல்லியில் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை செய்து 2016இல் வெளியான ஆய்வில், செப்சிஸ் பிள்ளைகளிடம் அதிகம் கிடைத்தவை அசினிடோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ.கோலை. பல மருந்துகளுக்கு அடங்காதவை அவற்றில் ஏராளம். மருத்துவர் மூன்றாம் நாள் மருந்தை மாற்றினால் முதல் மருந்து தப்பு என்று அர்த்தமில்லை. கல்ச்சர் பதில் வந்திருக்கும்.

கூடவே சி.ஆர்.பி. பார்ப்பார்கள். அழற்சி தொடங்கினால் கல்லீரல் ரத்தத்தில் விடுகிற புரதம் அது. 1930இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் டில்லட், பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்தது. கண்ணுக்குத் தெரியாத அழற்சியை எண்ணாக மாற்றிக் காட்டுவதால் எல்லாருக்கும் அதன் மேல் ஒரு மோகம். ஆனால் தொற்று தொடங்கி ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் அது ஏறத் தொடங்கும், உச்சத்துக்கு வர ஒன்றரை இரண்டு நாள் ஆகும். காலையில் மந்தமான பிள்ளைக்கு மதியம் எடுத்த சி.ஆர்.பி. சரியாக இருந்தால் அதற்குப் பெரிய பொருள் இல்லை. அதனால்தான் ஒரு நாள் கழித்து மறுபடி எடுக்கிறார்கள். 'நேத்துதானே எடுத்தீங்க, காசு புடுங்கவா' என்று தனியார் மருத்துவமனைகளில் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு பரிசோதனைக்கு அந்தச் சண்டை வேண்டாம். இரண்டாவது எண்தான் அதிகம் பேசும்.

முதல் எண்ணைப் படிக்கவும் மருத்துவருக்கு நேரம் தெரிந்தாக வேண்டும். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருக்கிற பிள்ளையை அப்பா வழியில் யாராவது தூக்கிக்கொண்டு ஓடினால், 'எப்போதிருந்து?' என்ற கேள்விக்கு நாலு பேர் நாலு பதில் சொல்வார்கள். தாயைக் கூடவே அழைத்துப் போங்கள், பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை கடைசியாக வயிறு நிறையக் குடித்தது எத்தனை மணிக்கு, கடைசியாக மூத்திரம் போனது எப்போது, என்ன மருந்து வாயில் போனது, இந்த மூன்றையும் அந்தச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வசம்பு கொடுத்திருந்தால் அதையும் எழுதுங்கள், யாரும் திட்டமாட்டார்கள்.